ஒருநாட் பயணத்தின் தருமம்

சனி ஞாயிறு என்னும் ஓய்வுநாட்களிலே, காலையிற் புறப்பட்டு மாலை விளக்கேற்றும் நேரத்தில் வீடு திரும்பத்தக்க அண்மையான இடங்களுக்கு மாணாக்கரை அழைத்துச் சென்று வருதல் நம் பாடசாலைகளில் இக்காலத்திற் பெருகி வருகின்றது. கீரிமலை, நிலாவரை, நயினாதீவு, வல்லிபுரம், தொண்டைமானாற்றுச் சந்நிதி, காரைநகர்க் கசூரினாக் கடற்கரை என்பன இப்பயணங்களிற் பலகாலும் கேட்கப்படும் பெயர்கள். நம் குடாநாடு சிறியது. யாழ்ப்பாண நகரிலிருந்து கீரிமலைக்கு ஏறக்குறைய 12 மைல். பருத்தித்துறைக்கு ஏறக்குறைய 20 மைல். ஆதலின் ஒருநாளிற் சென்று மீளுதல் பெரும்பாலார்க்கு இயல்வதேயாம். இயல்வதாகிய இச்செயல் தக்கதா, தக்கதாயின் எவ்வாறு செய்தல் தக்கது என்பதே இங்கே நாம் ஆராயப் புகுந்த விடயம்.

இதுபற்றி ஆசிரியர்களிடையே மூவகைக் கருத்து வழங்கக் காண்கின்றோம். பரீட்சைக்குரிய பாடங்கள் முடியாதிருக்க ஊர் சுற்றுதல் காலக்கேடு என்பார் ஒரு சாரார். புண்ணிய தலங்களுக்குச் செல்வதாயின் யாத்திரையாகவே செல்லுதல் வேண்டும். பந்தும் படப்பெட்டியும் பாட்டுக்கருவியும் கொண்டு கோயிலூருக்குச் செல்லுதல் அபசாரம் என்பார் மற்றொரு சாரார். விடுமுறை விடுமுறையே, பிள்ளைகள் மகிழ்ந்தாற் போதும், இதில் ஆராய்தற்கு என்ன உளது என்பார் மூன்றாஞ் சாரார். நாம் நெடுங்காலம் இரண்டாஞ் சாராரோடு நின்றோம். ஒரு சனிக்கிழமை முற்பகலில் நமது கருத்து மாறியது. அதனைக் கூறுமுன் முதற் கருத்தைச் சிறிது நோக்குவாம்.

நாம் கல்வி கற்றது பாதிரிமார் நிறுவிய ஒரு பாடசாலையில். இங்கிலாந்து தேசத்து நதிகளின் பெயரையும் அவை கடலிற் கலக்கும் இடங்களையும் வரிசை பிறழாது அங்கே ஒப்புவித்தோம். தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து அராலி நோக்கி மாரிகாலத்தில் மாத்திரம் ஓடிக் கடனீரேரியிற் கலக்கும் வழுக்கையாறு என ஒன்று நம்மூர்களூடே உண்டென்பதை, பள்ளியை விட்ட பின்னரே அறிந்தோம். இஃது அப்பாடசாலையின் குறையென்று மாத்திரம் சொல்லித் தப்புதல் நேர்மையன்று. நம் சைவப் பாடசாலைகளும் அவ்வழியையே பின்பற்றின. அன்றியும், அப்பாடசாலையிலேதான் ஒருநாட் பயணத்தின் நற்பயனையும் நாம் முதன்முதற் கண்டோம். அங்கிருந்த கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவர் சனிக்கிழமைகளிற் சிலரை நடையாகவே அழைத்துச் செல்வார். கையில் ஒரு பென்சிலும் ஒரு தாளும் இருத்தல் வேண்டும். கண்ட பொருள் பத்தும், கண்டும் விளங்காத பொருள் ஒன்றும் எழுதிக்கொண்டு வருதல் வேண்டும் என்பது அவரிட்ட விதி. பத்தும் எளிதில் எழுதப்பட்டுவிடும். அந்த ஒன்றுதான் நம்மை வருத்தும். விளங்கிவிட்டது என்று எண்ணியிருந்தவற்றைத் திரும்பவும் போய்ப் பார்க்கச் செய்தது அந்த ஒன்றே. அவருக்கு நாம் பட்ட கடனை இங்கே நன்றியோடு நினைக்கின்றோம்.

புத்தூர்ப் பகுதியிலுள்ள நிலாவரைக் கேணியை உதாரணமாகக் கொள்வாம். இராமபிரான் வானரசேனையின் தாகந்தீர்க்க அம்பெய்து உண்டாக்கிய நீர்நிலை என்று ஊரார் கூறுவர். அடிகாணாக் கிணறு என்றும் கூறுவர். அதன் மேல்மட்டத்து நீர் நன்னீர். ஆழச் செல்லச் செல்ல உவர்நீர். இஃது ஏன்? நம் குடாநாடு சுண்ணக்கற் பாறையின்மேல் அமைந்தது. மழைநீர் அப்பாறையின் வெடிப்புகளூடும் குகைகளூடும் கீழிறங்கி, அடியிற் பரந்துகிடக்கும் கடல்நீரின்மேல், பாரங் குறைந்தமையால் மிதந்து நிற்கின்றது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லாத நம் நாட்டில், நாம் குடிப்பதும் தோட்டத்திற்கு இறைப்பதும் அந்த மிதக்கும் நீரையே. அளவுக்கு மிஞ்சி இறைப்பின் கீழுள்ள உவர்நீர் மேலெழும். இவ்வுண்மையைப் புத்தகத்திற் படித்த மாணாக்கன் பரீட்சையில் எழுதி மறப்பான். நிலாவரைக் கரையில் நின்று படித்தவனோ, வீட்டிற்குப் போய்த் தன் கிணற்றை எட்டிப் பார்ப்பான். ஆகவே பயணம் பாடத்தைக் கெடுக்கும் என்னும் முதற் கருத்து, பாடம் இன்னதென்பதை அறியாமையாற் பிறந்தது என்க.

இனி, தலங்களுக்கு மகிழ்ச்சி கருதிச் செல்லலாகாது என்னும் இரண்டாங் கருத்தை எடுத்துக்கொள்வாம். நாவலர் பெருமான் சிவாலய தரிசன விதியை எழுதி, ஆலயத்துள்ளே செய்யத்தக்கன இவை, செய்யத்தகாதன இவை என வகுத்துத் தந்தார். அவ்விதிகள் நம் தலைமேற் கொள்ளத்தக்கன. ஆயின், கோயில் வாயிலுக்குள்ளே கொள்ளவேண்டிய அடக்கத்தை வீட்டுப் படலையிலிருந்தே முகத்தில் ஒட்டிக்கொண்டு போதல் வேண்டும் என்று நம் முன்னோர் எண்ணியதாகத் தெரியவில்லை. நமது பாட்டியார் இளமையில் ஆடியமாவாசைக்குக் கீரிமலைக்கு மாட்டுவண்டியிற் சென்ற கதையைப் பலமுறை சொல்லக் கேட்டிருக்கின்றோம். முதனாளிரவே புளிச்சோறு கட்டுவர். பனங்கட்டியும் புழுக்கொடியலும் முடிச்சில் ஏறும். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லச் சிறுவர் பாடுவர்; வண்டிக்காரர் ஒருவரையொருவர் பரிகாசஞ் செய்வர். கீரிமலையில் இறங்கியபின் தந்தையை நினைந்து கண்ணீர் விடுவோர் விடுவர். திரும்பும்போது கடைத்தெருவில் வளையலும் ஊதுகுழலும் வாங்குவர். துக்கமும் பத்தியும் களிப்பும் அந்த ஒரே வண்டியில் இருந்தன. யாத்திரை என்றும் உல்லாசப் பயணம் என்றும் இரண்டாகப் பிரித்து, ஒன்றை உயர்த்தி ஒன்றை இகழ்ந்தவர்கள் பிற்காலத்தவராகிய நாமே.

இதனை நாம் அறிந்திருந்தும் மனத்திற் கொள்ளவில்லை. சில ஆண்டுகளின் முன் மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை, எட்டாம் வகுப்பு மாணாக்கரைப் பேருந்து ஒன்றில் ஏற்றிக்கொண்டு கீரிமலைக்குச் சென்றோம். போகும் வழியில் தலவரலாற்றைச் சொன்னோம். கீரிமுகங்கொண்ட நகுல முனிவர் அத்தீர்த்தத்தில் ஆடி மனிதமுகம் பெற்ற கதையும், குதிரைமுகங்கொண்ட சோழராசகுமாரி மாருதப்புரவீகவல்லி நோய்நீங்கி மாவிட்டபுரத்திற் கோயிலெடுத்த கதையும் சொல்லி முடிக்கும்போது, சாளரத்தின் வெளியே கூரையற்ற வீடுகள் வரிசையாய்த் தோன்றின. சுவர்களுள்ளே மரங்கள் வளர்ந்திருந்தன. முன் ஆசனத்திலிருந்த சிறுவன் ஒருவன், "சேர், இவை ஆருடைய வீடுகள்?" என்று கேட்டான். "சண்டையில் உடைந்தவை" என்று விடைகூறிவிட்டு, தீர்த்தமகிமையைத் தொடர்ந்தோம்.

கேணியை அடைந்ததும், மாணவிகள் ஆசிரியை ஒருவரோடு பெண்கள் கேணிக்குச் சென்றனர். பையன்கள் எங்கள் சொல்லுக்குக் காத்திராமல் நீரிற் குதித்தனர். கடற்கரையோரத்துப் பாறையினின்று ஊறி வரும் குளிர்ந்த நன்னீர். அப்பால் ஒரு சுவரளவில் உவர்க்கடல். அவர்கள் கூச்சல் வானைப் பிளந்தது. அவ்வேளையில் அந்தியேட்டிக் கிரியை முடித்து, மழித்த தலையும் ஈரவேட்டியுமாய், ஐம்பது வயதளவினர் ஒருவர் கேணிப்படியில் இறங்கி வந்தார். அவரைக் கண்டதும் நமக்கு வெட்கமும் சினமும் மேலிட்டன. "இஃது என்ன இடம் என்று தெரியாதா? ஏறுங்கள் எல்லோரும்!" என்று பையன்களை அதட்டினோம். அவர்கள் நடுங்கிக்கொண்டு படிகளில் ஏறி நின்றனர்.

அவர் நம்மை நோக்கிச் சொன்ன சொற்களை இயன்றவரை அவ்வாறே தருகின்றோம். "ஐயா, பிள்ளைகளை ஏச வேண்டாம். எங்கள் வீடு இங்கிருந்து கூப்பிடுதூரம். 1990 ஆம் ஆண்டு ஆனியில் எழும்பி ஓடினோம். அம்மா அதற்குப்பிறகு அந்த வீட்டிற் படுத்ததில்லை. வாடகை வீடுகளிலேதான் இருந்தார். கேணியிற் பிள்ளைகள் கத்துகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் அங்கே சமைப்பேன் என்று சாகுமட்டும் சொன்னார். இன்றைக்கு அவருடைய சாம்பலைக் கொண்டுவந்து கரைத்தேன். அந்தச் சத்தம் இருக்கிறது. இருக்கட்டும்."

பின்பு சிறிதுநேரம் பேசாதிருந்து, "வாத்தியார் என்றபடியாற் கேட்கிறேன். வருகிற வழியில் இருந்த வளவுகளைப்பற்றிப் பிள்ளைகளுக்கு ஏதும் சொன்னீர்களா?" என்றார். நம்மிடத்தில் விடை இல்லை.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நாம் குற்றமென்று கண்டது சிறுவரின் சிரிப்பை. அவர் குற்றமென்று கண்டது நமது மௌனத்தை. அடக்கமின்மை என்று எண்ணி நாம் தண்டித்தது, இறந்தவளின் மகனுக்கு ஆறுதலாயிருந்தது. சமயவறிவு என்று எண்ணி நாம் போதித்ததோ, அவ்வூர்ப் பெயரைச் சொல்லி அவ்வூர்ச் சனங்களை மறைத்தது. ஆகவே கேள்வி, மகிழலாமா மகிழலாகாதா என்பதன்று. யாருடைய முற்றத்தில் நின்று மகிழ்கின்றோம் என்பதை அறிந்து மகிழ்கின்றோமா என்பதே கேள்வி. இதனால் மூன்றாங் கருத்தும் வீழ்ந்தது. பிள்ளைகள் மகிழ்ந்தாற் போதும் என்பார், அம்முற்றம் யாருடையதுமன்று என்று கொள்கின்றார் அன்றோ?

அண்மையான இடம் என்று நாம் எளிதிற் சொல்லுகின்றோம். அண்மை என்பது மைற்கல்லினால் மாத்திரம் அளக்கப்படுவதன்று. அண்மையைத் தூரமாக்குவன மூன்று உள.

முதலாவது, பலவந்தத்தால் உண்டாகுந் தூரம். 1990 ஆனியில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில் நகுலேசுவரர் ஆலயம் குண்டுவீச்சினாற் சிதைந்தது. பின்பு அந்நிலம் உயர்பாதுகாப்பு வலயம் என வேலியிடப்பட, விரும்பிய நாளிற் கீரிமலைக்குச் சென்று ஒரு முழுக்குப் போடும் உரிமையும் நெடுங்காலம் இல்லாதொழிந்தது. சுன்னாகத்தில் இருந்தவர்க்குக் கீரிமலை காசியினும் தூரமாயிற்று. காசிக்குப் போனவர் சிலர் உளர், கீரிமலைக்குப் போகமாட்டாதிருந்தார் பலர். 2009 இற் போர் முடிந்தபின் படிப்படியாக வழி திறந்தது. 1990 இல் நின்றுபோன காங்கேசன்துறைப் புகையிரதம் 2015 இல் மீண்டும் ஓடிற்று. ஆயினும் வலிகாமம் வடக்கு நிலம் முழுவதும் உரியவர் கைக்கு இன்னும் மீளவில்லை. இன்று நாம் பேருந்திற் பாடிக்கொண்டு போகும் அந்தப் பாதை, பலர் தம் வாழ்நாளில் மீண்டும் மிதிக்கப் பெறாத பாதை என்பதை மாணாக்கர் அறிதல் வேண்டும்.

இரண்டாவது, நமது கையால் நாமே உண்டாக்கிய தூரம். இதனைச் சைவப் பத்திரிகையில் எழுதுதல் தகுமோ எனின், இங்கன்றி வேறெங்கே எழுதுதல் தகும்? மாவிட்டபுரக் கந்தசுவாமி கோயில் நமது பயணங்களில் முதலில் இறங்கி வழிபடும் இடம். அதன் வாயிலில் 1968 ஆம் ஆண்டு, தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட சைவ மக்கள், உள்ளே சென்று முருகனை வழிபட அனுமதி வேண்டி நின்றனர்; வழிமறிக்கப்பட்டனர். சாதி காரணமாகப் பொதுவிடங்களில் ஒருவரைத் தடுத்தல் குற்றமெனச் சட்டம் 1957 இலேயே பிறந்திருந்தது. சட்டம் பிறந்து 11 ஆண்டு கழிந்தும், தினமும் கோபுரத்தைக் கண்டு வாழ்ந்தவர்க்கு அதன் வாயில் எட்டாததாயிருந்தது. அவர்களைத் தடுத்தவர் அந்நியரல்லர், திருநீறு பூசியவரே. பலவந்தத்தால் உண்டான தூரத்தைப் பற்றி முறையிடும் நாம், இத்தூரத்தைப் பற்றி வாய்மூடியிருப்போமாயின், நம் முறையீடு தருமத்தின் பாற்பட்டதாகாது, நமக்கு வந்த நட்டத்தின் பாற்பட்டதேயாம். ஆசிரியர்கள் பயணநாளில் ஒன்றை உற்று நோக்குவார்களாக. நண்பகலில் மரநிழலிற் கட்டுச்சோற்றை அவிழ்க்கும்போது, எந்தப் பிள்ளை எவரோடு கூடியிருந்து உண்கின்றது, எந்தப் பிள்ளை அயலில் தனித்திருந்து உண்கின்றது என்பதை நோக்குக. வகுப்பறையில் நாம் காணாத பல அங்கே காணப்படும். அதனைக் கண்டும் நாம் வாளாவிருப்போமாயின், கோயிலைச் சுற்றி வந்ததன் பயன் அவ்விடத்திலேயே போயிற்று.

மூன்றாவது, கண் திறவாமையால் உண்டாகுந் தூரம். வழியும் திறந்திருக்கின்றது, வாயிலும் திறந்திருக்கின்றது. போகின்றவரோ தம்மையே காண்பதற்குப் போகின்றார். கைத்தொலைபேசியைத் திருப்பித் தம் முகத்துக்குப் பின்னாற் கோபுரம் தெரியும்படி ஒரு படம்; அவ்வளவில் தரிசனம் முடிந்தது. பேருந்தின் ஒலிபெருக்கியில் வீட்டிற் கேட்ட சினிமாப்பாட்டே வழிமுழுதும் கேட்கும். சித்தாந்த நூல்கள் ஆன்மாவைச் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது என்று கூறும். பளிங்கு தன்னை அடுத்த பொருளின் நிறத்தைக் கொள்ளுமாறு போல, ஆன்மா தான் எதனைச் சார்கின்றதோ அதுவாக நிற்கும். ஆகவே ஓரிடத்திற்குச் செல்லுதலின் பயன் அவ்விடத்தைச் சார்தல். வீட்டு ஓசையையும் வீட்டு ஊணையும் வீட்டு வம்பையும் விடாது சுமந்து சென்று, அவற்றையே சார்ந்திருந்து, அவற்றையே சுமந்து மீள்பவர், உடம்பால் 12 மைல் சென்றும் உயிரால் ஓரடியும் பெயர்ந்திலர். இறைவன் எங்கும் நிறைந்திருக்க ஏன் தலத்துக்குச் செல்லவேண்டும் என்பார்க்கு, பசுவின் உடம்பெங்கும் பரந்த பால் முலைவழியே சுரக்குமாறு போல என்று பெரியோர் விடை கூறுவர். அவ்விடை பொருந்துவது முலையை நாடி வாய்வைக்கும் கன்றுக்கு. பசுவின் முதுகிலேறி விளையாடுவார்க்கு அஃது எவ்வாறு பொருந்தும்?

இனி, செல்பவர் கொள்ளவேண்டிய ஒழுக்கம் யாது? விருந்தோம்புவார்க்குரிய தருமத்தை நம் நூல்கள் விரித்துரைத்துள்ளன. நம் தாய்மார் அதனை நூல் படியாமலே நன்கறிவர். விருந்தாய்ச் செல்வார்க்குரிய தருமத்தையோ நாம் மிகக் குறைவாகவே பேசுகின்றோம். ஒருநாட் பயணம் செய்வார் யாவரும் விருந்தினரே. நயினாதீவை நோக்குக. நாகபூஷணி அம்பாளைத் தரிசிக்க வருவோரும், அத்தீவிலேயே உள்ள நாகவிகாரைக்கு வரும் பௌத்தர்களும், குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறுகின்றனர். ஓய்வுநாட்களிலும் திருவிழா நாட்களிலும் கூட்டம் மிகும். நமக்கு அந்தப் படகு ஒரு வேடிக்கை. தீவாருக்கோ அதுவே தெரு. அரிசி மூட்டையோடு நிற்பவர் ஒருவர், வைத்தியசாலைக்குப் போன குழந்தையை மீளக் கொண்டுவரும் தாய் ஒருத்தி, அவர்களெல்லாம் அதே துறையிற் காத்து நிற்பர். நாற்பது மாணாக்கரை முந்தி ஏற்றிவிட்டு, அம்பாளின் அருளால் இடம் கிடைத்தது என்று சொல்லும் ஆசிரியர், அருள் இன்னதென்பதைச் சிறிது ஆராய்வாராக. முதலில் தீவார் ஏறட்டும், நாம் அடுத்த படகில் வருவோம் என்று சொல்லி மாணாக்கரை வெயிலில் அரைமணி நிற்பித்தலும் ஒரு பாடமேயாம். அங்கே அமுதசுரபி அன்னதான மடத்தில் உண்ணும்போது, இலையிற் சோற்றை மிச்சம் விட்டெழுதலாகாது என்று சொல்லுதலும் அவ்வாறே.

அதே துறையிலிருந்துதான் நெடுந்தீவுக்கும் செல்கின்றனர். பவளக்கல் அடுக்கிய வேலிகளையும், கட்டவிழ்ந்து திரியும் குதிரைகளையும் காணப் பிள்ளைகள் ஆவலோடு போவர். 1985 மே மாதம் 15 ஆந் திகதி, குமுதினி என்னும் படகில் நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த மக்கள் அக்கடலிற் கொல்லப்பட்டனர். குழந்தைகளும் அதில் இருந்தனர். அக்கடலைக் கடக்கும்போது இதனைச் சொல்லுதல் வேண்டுமா, பிள்ளைகளின் ஒருநாள் மகிழ்ச்சியைக் கெடுக்கலாமா என்று சிலர் கேட்பர். நாமும் முன்பு அவ்வாறே கேட்டிருப்போம். போகும்போது சொல்லவேண்டியதில்லை, திரும்பும்போது, அவர்கள் குதிரைகளைக் கண்டு களித்து, தீவார் தந்த நீரைக் குடித்து, அவ்வூரைத் தமக்கு உறவாகக் கொண்ட பின்பு, குரல் உயர்த்தாது சொல்லுதல் நன்று. உறவாகாத இடத்தின் துக்கம் வெறுஞ் செய்தி. உறவான இடத்தின் துக்கம் அவர்களை மனிதராக்கும். பகையை வளர்த்தற்கு அதனைச் சொல்லுதல் ஆகாது. மறவாமைக்கே சொல்லுதல் வேண்டும்.

இங்கே ஒரு வினா எழும். இவ்வளவும் செய்வதற்குத் தூரதேசப் பயணம் இன்னுஞ் சிறந்ததன்றோ? அண்மைக்கு என்ன சிறப்பு? அண்மையின் சிறப்பு, மீண்டும் செல்லலாம் என்பதே. இனி ஒருபோதும் வாராத இடத்தில் மனிதன் எளிதிற் குப்பையை எறிவான். அங்கே அவனை அறிவார் இலர். கசூரினாக் கடற்கரையிற் பிளாஸ்ரிக் போத்தலை எறிந்த மாணாக்கன் அடுத்த மாதமும் அங்கேயே வருவான். தான் எறிந்ததைத் தானே காண்பான். தூரத்தே கண்ட இடம் நினைவில் ஒரு படமாய் நிற்கும். அண்மையான இடமோ நம்மிடம் கணக்குக் கேட்கும். நேற்றுச் செய்த பிழையை நாளை சென்று திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அண்மைக்கு மாத்திரமே உண்டு. 2022 ஆம் ஆண்டு எரிபொருட் பஞ்சம் வந்தபோது பேருந்துகள் குறைந்தன. பலர் பழைய துவிச்சக்கர வண்டிகளை மீண்டும் வெளியே எடுத்தனர். அந்நாட்களில் மிதித்துச் சென்று சேர்ந்த இடமே அண்மை என்பது பலர்க்கும் விளங்கிற்று. மெல்லச் சென்றவர் வழியிலுள்ளாரோடு இரண்டு வார்த்தை பேசியும் சென்றனர்.

காசைப்பற்றியும் ஒன்று சொல்லுதல் வேண்டும். பயணத்துக்குப் பணம் அறவிடும்போது, தலைக்கு இவ்வளவு என்று கரும்பலகையில் எழுதிவிடுகின்றோம். அன்று ஒரு பிள்ளைக்கு வயிற்றுவலி வருகின்றது. பயணநாளில் அது வரவில்லை. அந்த வயிற்றுவலி எத்தகையதென்பது ஆசிரியராயுள்ளார் எவர்க்கும் தெரியும். ஒரு பிள்ளையை அவ்வாறு வீட்டில் நிற்கவிட்டு மற்றையோர் செல்லும் பயணம், கயிலைக்கே சென்றாலும், யாத்திரையாகாது. இரண்டு இடம் போக எண்ணியிருந்தால் ஓரிடம் போவோம். பேருந்தில் போக எண்ணியிருந்தால் நடந்து போகத்தக்க கோயிலுக்குப் போவோம். எல்லோரும் போதலே பயணத்தின் முதல் விதி. அண்மையான இடங்களைத் தெரிந்துகொள்வதற்கு இதனினும் பெரிய நியாயம் வேறில்லை.

சென்ற ஆண்டு அதே வகுப்பைச் சேர்ந்த சிலரோடு மீண்டும் கீரிமலைக்குச் சென்றோம். இம்முறை பேருந்தை ஒரு மைலுக்கு முன்னரே நிறுத்தி இறங்கி நடந்தோம். கூரையற்ற வளவுகளின் முன் நின்று, இன்னாருடையது என்று தெரியாத இடத்திலும், இங்கே ஒரு குடும்பம் இருந்தது என்று சொன்னோம். ஒரு வளவில், திரும்பி வந்த முதியவள் ஒருத்தி தகரக்கொட்டிலொன்றின் முன் முருங்கை நட்டுக்கொண்டிருந்தாள். "எங்கே மக்காள் போறியள்?" என்று கேட்டாள். "குளிக்கப் போறம் ஆச்சி" என்றனர் பையன்கள். "வடிவாய்க் குளியுங்கோ" என்றாள். முன்னொருநாள் வீடுகள் யாருடையவை என்று கேட்ட சிறுவன் அவளுக்கு இரண்டு வாளி தண்ணீர் அள்ளிக் கொடுத்துவிட்டு ஓடிவந்து எங்களோடு சேர்ந்துகொண்டான். அவனை நாம் ஏவவில்லை. கேணியில் அன்றும் கூச்சல் இருந்தது. ஆயினும் கிரியை முடித்து ஒருவர் படியில் இறங்கியபோது, ஒருவன் மற்றவனின் தோளைத் தொட்டான். அவர்கள் ஒதுங்கி வழிவிட்டனர். அவர் மூழ்கி எழுந்து சென்றபின் மீண்டும் விளையாடினர். நாம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டியது இருக்கவில்லை.

ஆசிரியப் பெருமக்களே, வருகின்ற சனிக்கிழமை எங்கேனும் புறப்படுங்கள். மகிழ்ச்சியோடு புறப்படுங்கள், பிள்ளைகளின் சிரிப்பை அபசாரமென்று அஞ்சவேண்டா. ஆயின் புறப்படுமுன், போகும் ஊரில் யார் இருந்தனர், யார் இருக்கின்றனர், யார் உள்ளே வரத் தடுக்கப்பட்டனர் என்பதை நீங்கள் முதலில் அறிந்துகொள்ளுங்கள். சாளரத்தின் வெளியே கைகாட்டி ஒரு பிள்ளை, இவை ஆருடைய வீடுகள் என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஆயத்தமாயிருங்கள். தெரியாதாயின், இறங்கிக் கேட்போம் என்று சொல்லுங்கள்.